பாறைக்கு அந்தப் பக்கத்துத் தும்பை

பிரமநாயகம் மலையிலிருந்து ஓடிவந்த ஓட்டத்தைப் பார்த்தால் கரடி துரத்துகிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். மூட்டுவலி வேறு. அன்றைக்கு அது எந்த ஸ்டாப்பில் இறங்கிப் போனதோ தெரியவில்லை.

"அம்மா! புதுத் தும்பை! புத்தம் புதுசு!"

வைத்தியர் வடிவம்மை முற்றத்தில் வேர்களைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பிரமநாயகத்துக்கு மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் மூலிகை சொல்லிக்கொடுக்கிற குரு குருதானே. அவர் "அம்மா" என்பார், அவள் "அண்ணாச்சி" என்பாள்.

"மூச்சு வாங்கிட்டுச் சொல்லுங்க அண்ணாச்சி."

"மூச்சு கெடக்கு! மேல சாய்ஞ்ச பாறை இருக்குல்லா, அதுக்குக் கெழக்க நம்ம மலைத்தும்பை நிக்கு. இலை ஊசி மாதிரி, பூ சின்னது, தண்டெல்லாம் சொணை, தொட்டா அரிக்கும். மேக்க நிக்கது வேற! இலை விரல் அகலம், பூ பெருசு, தொட்டா வழுவழுன்னு இருக்கு. சும்மா பாக்கிறவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான். நான் பிரிச்சுட்டேன்!"

வடிவம்மையின் மூலிகைத் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பூவை அதன் பங்காளிப் பூவிலிருந்து முதலில் பிரித்துக் காட்டுகிறவரே அதற்குப் பெயர் வைக்கலாம். வேலியோரத்துத் தும்பை வேறு, கிணற்றடித் தும்பை வேறு என்று பிரித்தவர் வடிவம்மையின் குரு வேதமுத்து. அவர் காலமாகியும் கிணற்றடியில் நிற்பதை வேதமுத்துத் தும்பை என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள்.

"என்ன பேரு வைக்கப் போறீங்க?"

"ஆவுடைத் தும்பை."

ஆவுடையம்மாள் அவருடைய மனைவி. போன ஐப்பசியில் போய்ச் சேர்ந்தாள். வீட்டுப் பத்திரம், கரண்ட் பில், வாசல் பலகை எல்லாவற்றிலும் இருப்பது அவர் பெயர். அவள் பெயர் ஒரே ஒரு பித்தளைச் செம்பில் வெட்டியிருந்தது. விளக்கி விளக்கி அதையும் அவளே தேய்த்துவிட்டாள்.

வடிவம்மை கையைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

"வாங்க, பாப்போம்."

சாய்ந்த பாறைக்குப் போய்ச் சேரும்வரை அவர் வாய் ஓயவில்லை. இலையைச் சொன்னார், பூவைச் சொன்னார், திரும்ப இலைக்கு வந்தார். அவள் எல்லாவற்றுக்கும் "ம்" கொட்டினாள்.

"நீங்க உங்க பூவுகிட்டயே நில்லுங்க. கைய வச்சுராதீங்க" என்று சொல்லிவிட்டுப் பாறையைச் சுற்றிக் கிழக்குப் பக்கம் போனாள்.

காற்றே இல்லை. பிரமநாயகம் பூவையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆவுடைத் தும்பை மெல்லத் தலையாட்டியது.

"அம்மா! ஆடுது!"

"இப்போ?"

"நின்னுட்டு."

"இப்போ?"

"ஆடுது..."

சொல்லும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. மண்டியிட்டுப் பாறை விரிசலுக்குள் பார்த்தார். உள்ளே ஒரே தண்டு. அதிலிருந்து ஒரு கிளை வெயிலுக்குப் போய் இலையைச் சுருக்கிக்கொண்டிருந்தது. இன்னொரு கிளை நிழலுக்கு வந்து இலையை விரித்துக்கொண்டிருந்தது. அந்தக் கிளையை அவள் ஆட்டினால் இந்தக் கிளை ஆடாமல் என்ன செய்யும்?

அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஆவுடை இரண்டாம் முறை போனது மாதிரி இருந்தது அவருக்கு. வாய்விட்டு அழாத குறைதான்.

வடிவம்மை வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஆனால் பஸ் முழுக்க முகம் பார்த்துப் பழகிய புத்தி சும்மா இருக்குமா? அவர் நிமிர்ந்தார்.

"அம்மா, நம்ம கிணத்தடித் தும்பை நிழல்லயும் ஈரத்துலயும் நிக்கு. வேலியோரத்துத் தும்பை வெயில்ல காயுது. அப்போ அதுகளும்..."

நாக்கைக் கடித்துக்கொண்டார். குருவுக்குக் குரு சொன்னதை அல்லவா தொட்டுவிட்டார்!

வடிவம்மை அவரையே பார்த்தாள். அவள் கண் விரிந்தது.

"அண்ணாச்சி! வேலியோரத்து விதையக் கிணத்தடியில போட்டா என்ன மொளைக்கும்?"

"தெரியாதும்மா."

"எனக்கும் தெரியாது!"

தங்கப்புதையல் கிடைத்தவள் மாதிரிதான் அதைச் சொன்னாள். மலை உச்சியில் மேகம் கட்டிக்கொண்டு வந்தது. மழை விழுந்தால் வேலியோரத்தில் முற்றின விதையெல்லாம் உதிர்ந்து போகும். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறக்கத்தில் ஓடத் தொடங்கினாள்.

முழங்கால் மூட்டைப் பிடித்துக்கொண்டு பிரமநாயகமும் பின்னால் ஓடினார். ஓடும்போதுதான் அவருக்கு உறைத்தது. தன் பூவின் பெயர் போனது போதாதென்று இன்னொரு பெயருக்கும் தானே உலை வைத்துவிட்டோமே என்று மனசு பதறியது.

"அம்மா, நில்லுங்க! ரெண்டும் ஒண்ணுன்னு ஆயிட்டா உங்க குரு பேரு போயிருமே!"

அவள் நிற்கவில்லை. ஓடிக்கொண்டே திரும்பிச் சிரித்தாள்.

"அவரு இருந்தா இந்நேரம் எனக்கு முந்தி ஓடியிருப்பாரு, அண்ணாச்சி!"