மஞ்சள் சிவந்த வாசல்

அந்தக் காலத்தில் கிழங்குக்கும் காய்க்கும் கல்லுக்கும்கூட வாய் இருந்தது. கல்யாண வீடென்றால் மனிதர்கள் பேசி முடிப்பதற்குள் அவையும் ஆளுக்கொரு பேச்சுப் பேசிவிடும்.

மஞ்சள் விளையும் ஓர் ஊரில் வேலாத்தா என்பவளின் மகன் நாச்சிமுத்துவுக்குக் கல்யாணம். பெண் முத்துவடிவு கடற்கரைக்காரி. கிளிஞ்சல் சுட்டுச் சுண்ணாம்பு எடுக்கும் வீட்டில் பிறந்தவள். தாலி ஏறி, மாப்பிள்ளை வீட்டு வாசலுக்கு வந்தபோது அவள் இடுப்பில் ஒரு சின்னக் கலயம் இருந்தது. கலயத்துக்குள் சுண்ணாம்பு.

வேலாத்தா தாம்பாளத்தில் மஞ்சள் கரைத்த நீரோடு எதிரே வந்தாள். அந்நாளில் மணமக்களுக்குச் சுற்றிய நீர் வெறும் மஞ்சளாகத்தான் இருந்தது. கலயத்தைப் பார்த்ததும் அவள் முகம் சுருங்கியது.

“ஏம்மா, இதைப் போயா கொண்டுவந்தே? தொட்ட கை வெந்து போகுமே. வெளியிலேயே வெச்சுட்டு வா.”

“அத்தை, எங்க வீட்டுல மூணு வேளையும் சோறு போட்டது இதுதான். இதை வெளியில நிறுத்திட்டு நான் மட்டும் எப்படி உள்ளே வருவேன்?”

நாச்சிமுத்து அம்மாவைப் பார்த்தான். பெண்டாட்டியைப் பார்த்தான். மேளக்காரரைப் பார்த்தான். மேளம் நின்றுபோனது. நல்ல நேரம் நழுவிக்கொண்டிருந்தது.

“வேண்டாம் தாயி, நான் இங்கேயே கிடக்கிறேன்” என்று கலயத்துக்குள்ளிருந்து சுண்ணாம்பு விசும்பியது. “நான் தொட்டது எது உருப்பட்டிருக்கு?”

“யார் சொன்னது?” தாம்பாளத்திலிருந்து மஞ்சள் குரல் கொடுத்தது. “என் பக்கத்துல வா. மாசக்கணக்கா மண்ணுக்குள்ள கிடந்தவ நான். கொதிக்கிற கொப்பரையில வெந்தவ. நீ என்னை என்ன பண்ணிடுவே?”

“உன் நிறம் போயிட்டா?”

“போனாப் போகுது. வா.”

முத்துவடிவு வெற்றிலைக் காம்பால் ஒரு துளிச் சுண்ணாம்பை எடுத்துத் தாம்பாளத்தில் விட்டாள். விட்டதுதான் தாமதம், நீர் முழுவதும் குபீரென்று சிவந்தது.

“ஐயோ, மஞ்சள் கெட்டுப்போச்சே!” என்று கூட்டம் அலறியது. சுண்ணாம்பு கலயத்தின் அடியில் ஒடுங்கிக்கொண்டது.

மாப்பிள்ளை கையிலிருந்த எலுமிச்சம்பழம் மட்டும் பதறவில்லை. “சும்மா சத்தம் போடாதீங்க. அந்த நீரைக் கொஞ்சம் வெற்றிலையில ஊத்தி, என்னைப் பிழிஞ்சு பாருங்க” என்றது. நாச்சிமுத்து பழத்தைக் கீறிப் பிழிந்தான். புளிப்புச் சாறு பட்டதும் வெற்றிலையிலிருந்த சிவப்பு மறைந்து பழைய மஞ்சள் திரும்பிவிட்டது.

எலுமிச்சை மஞ்சளிடம் சொன்னது: “பார்த்தியா? சுண்ணாம்போட காரத்துக்குச் சிவக்கிறே, என் புளிப்புக்கு மறுபடி மஞ்சளாகிறே. தாம்பாளத்துலயும் பிழியச் சொல்லட்டுமா?”

மஞ்சள் தன் சிவப்பை ஒருமுறை பார்த்துக்கொண்டது.

“வேண்டாம். திரும்பிப் போக வழி இருக்குன்னு தெரிஞ்சாச்சு, அது போதும். இன்னிக்கு எனக்கு இப்படித்தான் இருக்கணும்.”

வேலாத்தாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “கிழங்குக்கே கல்யாணக் களை வந்தாச்சு, இனி நான் என்னத்தச் சொல்ல!” என்று சிவந்த நீரை மூன்று முறை சுற்றி, இருவர் நெற்றியிலும் பொட்டு வைத்தாள். பிறகு மருமகள் இடுப்பிலிருந்த கலயத்தைத் தன் இடுப்புக்கு மாற்றிக்கொண்டு முன்னால் நடந்தாள். மேளம் மறுபடி கொட்டத் தொடங்கியது.

அன்று முதல்தான் மஞ்சள் சுண்ணாம்போடு சேர்ந்தால் சிவக்கிறது, எலுமிச்சை பட்டால் மறுபடி மஞ்சளாகிறது. மணமக்களுக்கு நாம் சுற்றுவதும் அந்தச் சிவந்த நீரைத்தான். அதில் யாரும் எலுமிச்சை பிழிவதில்லை.