பதிவேட்டில் இருபத்தைந்து பேர்

“அந்தம்மாவுக்குக் கண்ணு இருக்கா இல்லையா? முதல்ல அதைச் சொல்லுங்க.”

செருப்பைக் கழற்றும்போதே திலகவதி ஆரம்பித்துவிட்டார். கோவில்பட்டியிலிருந்து பாளையங்கோட்டை வரை பஸ்ஸில் நின்றபடியே வளர்த்துக்கொண்டு வந்த கோபம். வழியில் கண்டக்டரிடம் கொஞ்சம் இறக்கி வைத்தும் குறையவில்லை.

ஜொஹரா தன் பள்ளியின் தரையில் உட்கார்ந்து, பிள்ளைகளின் கைக்கு எட்டும்படி செய்திருந்த தாழ்வான அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை மதியம். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

“உக்காருங்க அக்கா.”

“உக்கார வரல டீச்சர்.”

அக்கா என்றும் டீச்சர் என்றும் இவர்கள் கூப்பிட்டுக்கொள்வதைக் கேட்டு ஆட்டோக்காரர்களே குழம்பியிருக்கிறார்கள். திலகவதிக்கு வயது ஐம்பத்தெட்டு. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்தவர். ஜொஹராவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் குரு சின்னவள்தான். குழந்தை தானே ஒரு வேலையைத் தேர்ந்து, தானே செய்து, தானே கற்றுக்கொள்ளும் கல்வி முறையைத் திலகவதி படித்தது இவளிடம். படித்ததோடு சும்மா இருக்காமல் ஊரில் ஒரு பள்ளியும் தொடங்கிவிட்டார்.

தொடங்கி ஆறு வருஷம். அந்த முறைப்படி நடக்கும் பள்ளிதான் இது என்று, அந்தக் கல்வி முறைக்கென்றே உள்ள சங்கம் ஆள் அனுப்பிப் பார்த்து அங்கீகாரம் கொடுக்க வேண்டும். ஜூனுக்குள் வராவிட்டால், கட்டடம் கொடுத்த அறக்கட்டளைக்காரர்கள் பெஞ்சு வாங்கிப் போட்டு, மூன்று வயசுக்கே ஹோம் ஒர்க் கொடுக்கும் நர்சரியாக மாற்றிவிடுவார்கள். முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்கள்.

சங்கத்தின் கடிதம் நேற்று வந்தது. அங்கீகாரம் இல்லை.

“ஒரே ஒரு வரி. எழுதியிருக்கிற லட்சணத்தைப் பாருங்க.”

ஜொஹரா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தாள். பள்ளியின் குழந்தைகள் எல்லோரையும் பார்க்க முடியாததால் இந்த ஆண்டு அங்கீகாரம் வழங்க இயலவில்லை என்று இருந்தது.

கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள். மறுபடியும் அலமாரியைத் துடைக்கப் போய்விட்டாள்.

அந்தத் துடைப்பைப் பார்க்கப் பார்க்கத் திலகவதிக்கு எரிச்சல் ஏறியது.

“சங்கத்துல இருந்து வந்த அந்தம்மா மூணு மணி நேரம் மூலையில உக்காந்து பார்த்தாங்கல்லா? பிள்ளைங்க பாய் விரிச்சாங்க, கட்டை அடுக்கினாங்க, குவளையில இருந்து குவளைக்குத் தண்ணி ஊத்துனாங்க. எடுத்ததை எடுத்த இடத்துல வச்சாங்க. ஒரு சண்டை உண்டா? ஒரு அழுகை உண்டா? ஒரு சொட்டு சிந்தல டீச்சர்!”

“மூணு வயசுப் பிள்ளைங்க.”

“ஆமா!”

“ஒரு சொட்டு சிந்தல.”

“சும்மாவா? ரெண்டு வாரம் பழக்கினோம். யார் யார் எந்த வேலையைத் தானா எடுக்கணும்னு முன்னாடியே சொல்லி வச்சிருந்தோம்.”

சொல்லி முடித்த பிறகுதான் தாம் சொன்னது திலகவதியின் காதிலேயே விழுந்தது. ஆனால் கோபத்தில் வந்த மனுஷி பின்வாங்குவாரா?

“எல்லாப் பள்ளியிலயும் செய்யுததுதான்” என்றார்.

ஜொஹரா துணியைப் பிழிந்தாள்.

“பதிவேட்டுல எத்தனை பேர் அக்கா?”

“இருபத்தஞ்சு.”

“வந்தது?”

“இருபத்து நாலு. ஒரு பிள்ளை வரல. அதுக்கா இந்த ஆர்ப்பாட்டம்? உலகத்துல பிள்ளைங்களுக்குக் காய்ச்சலே வராதா?”

“காய்ச்சலா?”

திலகவதி சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தார். ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

“காய்ச்சல்னு சொன்னோம்.”

ஜொஹரா திரும்பிப் பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது எரிந்து விழுந்திருக்கலாம்.

“பொற்கொடின்னு ஒரு பிள்ளை. நாலு வயசு. பேச்சு இன்னும் வரல. யாராச்சும் கட்டை அடுக்கினா வந்து தட்டிவிட்டுரும். தண்ணிக் குவளையைத் தூக்கித் தலையில கவுத்துக்கும். திடீர்னு ஒரு கத்து கத்தும் பாருங்க, மத்த பிள்ளைங்க அத்தனையும் அப்படியே நின்னுரும். அம்மாக்காரி இசக்கியம்மா தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சி அடுக்குத வேலை பாக்கா. அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன். பாக்க ஆள் வாராங்க, பாப்பாவை வீட்ல வச்சுக்கோன்னு. அன்னைக்கு ஒரு நாள்தான்.”

“அதுக்கப்புறம் வந்தாளா?”

“இல்ல.”

“எத்தனை நாளாச்சு?”

“பதினெட்டு நாள்.”

“போன் பண்ணிக் கேட்டீங்களா?”

திலகவதி வாயைத் திறந்தார். நேரமே கிடைக்கவில்லை என்றுதான் சொல்ல நினைத்தார். வந்தது வேறு.

“வகுப்பு அமைதியா இருந்துச்சு.”

ஜொஹரா கையிலிருந்த துணியை வாளிக்குள் எறிந்தாள். தண்ணீர் தெறித்துத் திலகவதியின் சேலை நனைந்தது. மன்னிப்பு கேட்கவில்லை. எழுந்து உள்ளே போனாள்.

பாடம் சொன்ன ஒன்றரை வருஷத்தில் இவள் குரல் உயர்த்தியதுகூடக் கிடையாது. இப்போது துணியை எறிகிறாள். திலகவதிக்குப் பயமாக இருந்தது. பயந்ததில் கோபம் இரண்டு மடங்கானது. இருபது வயசு சின்னவள், இவள் யார் என்னைப் பார்த்துத் துணியை எறிய?

ஜொஹரா ஒரு தாளோடு திரும்பி வந்தாள். சங்கத்தின் மறுபரிசீலனைப் படிவம். மறுபரிசீலனையை முடிவு செய்யும் மூன்று பேர் குழுவில் இவளும் ஒருத்தி. குழுவில் ஒருவர் கையெழுத்துப் போட்டுவிட்டால் போதும், ஒரு வாரத்தில் அங்கீகாரம் வீடு தேடி வரும்.

தரையில் வைத்து, கீழே கையெழுத்துப் போட்டாள். தேதியும் போட்டாள். தாளையும் பேனாவையும் நீட்டினாள்.

“மிச்சத்தை நீங்க எழுதிருங்க. நான் படிச்சுப் பார்க்க மாட்டேன்.”

திலகவதிக்கு நம்ப முடியவில்லை. தாளைப் பிடுங்காத குறையாக வாங்கினார். இத்தனை நேரம் நின்றவர் குழந்தைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் முழங்கால் மடங்க உட்கார்ந்தார். பள்ளியின் பெயர், ஊர், தொடங்கிய ஆண்டு எல்லாம் சரசரவென்று எழுதினார். எழுத்து முத்து முத்தாக வந்தது.

அடுத்த வரியைப் படித்தார். ‘எங்கள் பள்ளியின் குழந்தைகள் _____ பேர். பார்வை நாளில் இவர்கள் எல்லோரும் தாமே தேர்ந்த வேலையில் இருந்தார்கள்.’

2 என்று போட்டார்.

அடுத்த இலக்கம் வரவில்லை.

முப்பது வருஷம் கரும்பலகை நிறைய இலக்கம் எழுதிய கை, ஒற்றை இலக்கத்துக்குத் திணறியது. பேனாவை எடுத்தார். வைத்தார்.

“நாலு போடுங்க” என்றாள் ஜொஹரா. “அந்தம்மா பார்த்தது அவ்வளவுதானே? திங்கக்கெழமை பதிவேட்டுல பொற்கொடி பேரை அடிச்சிருங்க. எல்லாம் சரியாப் போயிரும்.”

“என்ன பேச்சு பேசுதீங்க!”

“அப்போ அஞ்சு போடுங்க. அன்னைக்கு அவ என்ன வேலை எடுத்தா?”

திலகவதி நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார்.

“நான் யாருக்காகச் செஞ்சேன்? எனக்காகவா? ஜூன்ல அங்க பெஞ்சு போட்டுருவான் டீச்சர்! இருபத்து நாலு பிள்ளைங்களையும் கையைக் கட்டி உக்கார வச்சிருவான். அந்த இருபத்து நாலு பேருக்காகத்தான் செஞ்சேன்! நீங்க இங்க உக்காந்து அலமாரி துடைச்சுக்கிட்டு நியாயம் பேசலாம். அங்க நிக்குதது நான்!”

அழுகை வரும்போல் இருந்தது. அதற்காகவும் அவருக்குக் கோபம் வந்தது.

ஜொஹரா விழுந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்தாள்.

“இருபத்தஞ்சு பேருன்னு நீங்கதானே அக்கா சொன்னீங்க?”

திலகவதி படிவத்தை அங்கேயே விட்டுவிட்டு, கடிதத்தை மட்டும் வெடுக்கென்று மடித்துப் பைக்குள் திணித்தார். செருப்பைக் கால் மாற்றி மாட்டினார். படி இறங்கினார். வாசல் கேட் வரை போனவர் நின்றார்.

கையில் போன் இருந்தது. எப்போது எடுத்தார் என்று அவருக்கே தெரியாது.

இரண்டாவது மணியிலேயே எடுத்தாள் இசக்கியம்மா.

“மேடம்! சொல்லுங்க மேடம்.”

பின்னால் ஒரு கத்தல் கேட்டது. திலகவதி போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்கவில்லை.

“வேலைக்குப் போகலையா நீ?”

“எப்படி மேடம் போக? பாப்பாவை வச்சுக்கிட்டு வீட்லதான இருக்கேன்.”

“திங்கக்கெழமை அவளைக் கூட்டிட்டு வா.”

“கூட்டிட்டு வாரேன் மேடம்” என்றாள் இசக்கியம்மா. “பாக்க வந்தவங்கல்லாம் போயிட்டாங்களா?”