தோளில் வந்த படகு

ஐப்பசி வெள்ளத்தில் ஆற்றைப் பார்த்த மந்திரி விசயரங்கர், "இங்கே துறைமுகம் கட்டினால் பத்து நாட்டு வணிகரும் வந்து குவிவார்கள்" என்றார். கரையோர ஊரைக் காலி செய்ய ராஜா உத்தரவிட்டார்.

ஆற்று மணலில் கோடையில் வெள்ளரி போடும் சடைச்சி, ராஜா முன் போய் நின்றாள். "காலி செய்கிறோம் மகாராஜா. சித்திரையில் மந்திரி ஐயாவே முதல் படகில் வந்து இறங்கட்டும். அன்றைக்கே கிளம்புகிறோம்."

ராஜா சம்மதித்தார்.

சித்திரையில் ஆறு முழுக்க மணல். மந்திரி படகில் ஏறி உட்கார்ந்து, ஊர் ஆண்களைத் தூக்கச் சொன்னார். பாடை தூக்குவதுபோல் தூக்கிவந்து, கரையில் காத்திருந்த ராஜா முன்னால் இறக்கினார்கள்.

"வந்துவிட்டேன். கிளம்புங்கள்" என்றார் மந்திரி.

சடைச்சி கும்பிட்டாள். "கிளம்புகிறோம் சாமி. நாளைக்குக் கப்பல் வந்தால் தூக்கத் தோள் வேண்டுமே, யாரை விட்டுவிட்டுப் போவது?"

ராஜா ஊரை விட்டுவைத்தார். மந்திரியைத் திரும்பத் தூக்க ஆளில்லை. சுடுமணலில் நடந்தே போனார்.