சேந்தன் அடைக்காத உடைப்பு

"நெல் எங்கேடா?" என்றார் அரசர்.

முழங்கால் வரை சேறு. ஒரு செருப்பு ஏற்கெனவே உள்ளே போய்விட்டது. கரைக்கு அந்தப் பக்கம் கடல், இந்தப் பக்கம் நெல்வயல் என்றுதான் மூன்று வருஷமாக அவருக்குச் சொல்லியிருந்தார்கள். வந்து பார்த்தால் நெல்லைக் காணோம். எங்கே திரும்பினாலும் அலையாத்திச் செடி, நண்டு. கரை நடுவில் ஒரு வண்டி போகிற அளவுக்கு உடைப்பு.

"உடைந்த அன்றைக்கே இதை அடைக்கச் சொல்லிச் சேந்தனை அனுப்பினோம், அரசே. கடலை உள்ளே விட்டுவிட்டான். தலையை எடுத்துவிடலாம்," என்றார் அமைச்சர் விழுப்பரையர். கரை கட்டியது அவர் யோசனை.

சேந்தனுக்கு அரசவையில் சிரிக்க வைக்கிற வேலை. அவனும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தான். நானாக இருந்தால் ஓடியிருப்பேன். அந்தச் சேற்றில் ஓடவும் முடியாது, அது வேறு விஷயம்.

"ஏன் அடைக்கவில்லை?" என்று அரசர் அவனைக் கேட்டார்.

"மண்வெட்டி கனமாக இருந்தது, அரசே. நாளைக்குப் பார்க்கலாம் என்று படுத்தேன். எழுந்தால் ஓட்டை பெரிசாகிவிட்டது. சின்ன ஓட்டையையே அடைக்காதவன், பெரிசை அடைப்பேனா?"

வீரர்கள் சிரிப்பை அடக்கினார்கள். அரசருக்குச் சிரிப்பே வரவில்லை.

"கடலால் வந்தது எதுவும் என் நாட்டில் மிஞ்சக் கூடாது. பொழுது சாய்வதற்குள் எல்லாவற்றையும் கடலுக்கே திருப்பிக் கொடு. இல்லாவிட்டால் தலை போகும்."

"உத்தரவு," என்ற சேந்தன் அரசரின் வயிற்றையே பார்த்தான்.

"என்ன பார்வை?"

"காலையில் நீங்கள் சாப்பிட்ட இறால், அரசே. கரை முழுசாக இருந்தபோது இறாலே கிடைக்கவில்லை. இந்தச் சேற்றில்தான் அதன் குஞ்சு வளர்கிறது. எப்படி வெளியே எடுப்பது என்று யோசிக்கிறேன்."

அரசர் வயிற்றைத் தடவிக்கொண்டார்.

"அடுத்து அமைச்சர் வீட்டுக் கூரை."

"என் கூரை என்னடா செய்தது?" என்றார் விழுப்பரையர்.

"போன ஐப்பசிப் புயலில் வடக்குத் துறையில் ஒரு வீட்டுக்கும் கூரை மிஞ்சவில்லை. அங்கே செடி கிடையாது. உங்கள் வீட்டுக்கு வந்த அலையை இந்தச் செடிகள் வாங்கிக்கொண்டன. நியாயமாக அது கடலுக்குப் போக வேண்டிய கூரை ஐயா. ஏணி இருக்கிறதா?"

அமைச்சர் அவசரமாகத் தன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அரசர் சிரித்தார். சிரித்த சிரிப்பில் இன்னொரு செருப்பும் சேற்றுக்குள் போனது.

"அறிவாளிடா நீ."

"அதெல்லாம் இல்லை, அரசே. அறிவாளி கரை கட்டினார். நான் தூங்கினேன்."

அரசர் தன் மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார். கூடவே ஒரு மண்வெட்டியும் கொடுத்தார். "மீதிக் கரையையும் நீயே வெட்டித் திறந்துவிடு. இன்றைக்கே."

சேந்தன் மோதிரத்தைப் போட்டுக்கொண்டான். மண்வெட்டியைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கரைமேல் படுத்தான்.

மீதிக் கரையையும் வெட்டியது கடல்தான். அவன் வெட்டவில்லை.