சின்ன ராணியின் மங்கிய புடவை

வெகு காலத்துக்கு முன்னால், மலைக்கும் கடலுக்கும் நடுவில் கிடந்த பூந்துறைச் சீமையைப் பூபாலசிங்கன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் கோபம் மட்டும் மூக்கு நுனியிலேயே உட்கார்ந்திருக்கும். அவருக்கு ராணிகள் இரண்டு பேர். பெரியவருக்கு ஒரு வளையல் வந்தால் சின்னவருக்கும் அதே வளையல் வரவேண்டும். சின்னவருக்கு ஒரு கிளி வந்தால் பெரியவருக்கும் ஒரு கிளி. இந்த வழக்கம் இருந்ததால்தான் அரண்மனையில் ராஜாவால் நிம்மதியாக ஒரு வாய் சாப்பிட முடிந்தது.

ஒருநாள் இரண்டு ராணிகளையும் ஆளுயரத்துக்கு ஒரே துணியில் தீட்டச் சொன்னார். "இரண்டு பேருக்கும் சந்தன நிறப் புடவை. ஒரே கிண்ணத்தில் குழைத்த வர்ணம். கொஞ்சமும் கூடக் குறைய இருக்கக் கூடாது" என்று ஓவியர் மருதையனுக்கு உத்தரவு போட்டார். மருதையனும் அப்படியே செய்தார். பெரிய ராணிக்கு மழை பிடிக்கும் என்று அவருக்குப் பின்னால் கருமேகத்தைத் திரட்டி வைத்தார். சின்ன ராணிக்குப் பின்னால் வெள்ளை வெளேரென்று பூத்துக் குலுங்கும் மல்லிகைப் பந்தல்.

சபையில் திரையை விலக்கினார்கள். விலக்கியதுதான் தாமதம், சின்ன ராணியின் முகம் சுருங்கிப்போயிற்று. பெரியவரின் புடவை ஜொலிக்கிறது. இவருடையதோ கழுநீரில் அலசியதுபோல் மங்கிக் கிடக்கிறது! எழுந்துபோய் அந்தப்புரக் கதவைச் சாத்திக்கொண்டார்.

தளவாய் கொண்டல்ராயருக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். அவர் மைத்துனனும் படம் வரைகிறவன். அவன் வரைந்த குதிரையைப் பார்த்துத் தெருப் பிள்ளைகள் "ஆடு, ஆடு" என்று கத்தினாலும், அரண்மனை ஓவியர் வேலையை அவனுக்கே வாங்கித் தருவது என்று தளவாய் கங்கணம் கட்டியிருந்தார்.

"மகாராஜா, இது வேண்டுமென்றே செய்த வேலை. குருடனுக்குக்கூடத் தெரியுமே இந்த வித்தியாசம்!" என்றார்.

"எனக்கே தெரிகிறதே!" என்று ராஜா குதித்தார். "மருதையா, பொழுது சாய்வதற்குள் பெண்டாட்டி பிள்ளைகளோடு என் சீமையை விட்டுப் போய்விடு!"

"ஒரே கிண்ணம்தான் மகாராஜா, என் பிள்ளைகள்மேல் ஆணை" என்று மருதையன் கதறினார்.

மந்திரி நயினாரப்பருக்கு மனசு பதறியது. மருதையன் பொய் சொல்லிப் பழகாதவர். ஆனால் மந்திரியின் கண்ணுக்கும் ஒன்று பளபளப்பு, ஒன்று மங்கல். ஆளை நம்புவதா, கண்ணை நம்புவதா?

நன்றாகப் பார்க்கவேண்டுமென்றால் கையைக் குழலாகச் சுருட்டி அதன் வழியே பார்ப்பது மந்திரியின் வழக்கம். அப்படியே பெரிய ராணியின் புடவையைப் பார்த்தார். புடவை மட்டும் தெரிந்தது, மேகம் மறைந்தது. கையைச் சின்ன ராணியின் பக்கம் திருப்பினார். அட, அதே நிறம்! கையை எடுத்தார், வேறு நிறம். மறுபடி வைத்தார், அதே நிறம். மந்திரிக்கு வந்த சிரிப்பில் வயிறு குலுங்கியது. இருமுவதுபோல் நடித்துச் சமாளித்தார்.

"மகாராஜா, தளவாய்க்குக் கழுகுக் கண் என்று ஊரே சொல்கிறது. அவரையே சோதித்துத் தரச் சொல்லலாமே?"

"தாராளமாக!" என்று தளவாய் மீசையை முறுக்கினார்.

ஓவியத்தின் ஓரம்கூடத் தெரியாதபடி பெரிய சாம்பல் நிறத் துணியால் மூடச் செய்தார் மந்திரி. தாமே துணிக்குப் பின்னால் போய், கத்தரியால் முழம் இடைவெளியில் இரண்டு ஓட்டை போட்டுவிட்டு வந்தார். இரண்டிலும் சந்தன நிறம் எட்டிப் பார்த்தது.

"சொல்லுங்கள் தளவாயாரே, எது யார் புடவை?"

"இது ஒரு கேள்வியா? படத்தில் பெரிய ராணி இடப்பக்கம் நிற்கிறார். அதோ, இடது ஓட்டையில் தங்கமாக மின்னுகிறதே, அது அவருடையது. வலது ஓட்டையில் இருப்பது சின்ன ராணியின் புடவை. பழைய கோணிச் சாக்கு தோற்றது போங்கள்!"

"எனக்கும் அப்படித்தான் படுகிறது" என்றார் ராஜா.

மந்திரி துணியைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். இரண்டு ஓட்டைகளும் பெரிய ராணியின் புடவைமேல்தான் இருந்தன. ஒரே புடவை! சபை கொல்லென்று சிரித்தது. தளவாயின் மீசை தொங்கிவிட்டது. ராஜாவுக்கும் காது சிவந்தது.

பிறகு மந்திரி வலது ஓட்டையைத் தைத்து மூடச் செய்து, சின்ன ராணியின் புடவைக்கு நேராகப் புதிதாக ஒன்று போட்டார். இந்தத் தடவை ராஜாவே இறங்கி வந்து, பக்கத்தில் நின்று மாறி மாறிப் பார்த்தார். எள்ளளவும் வித்தியாசமில்லை.

"அப்படியானால் என் கண்ணா பொய் சொல்லிற்று?"

"கண் சேதி கொண்டுவருகிற ஆள்தான் மகாராஜா. தீர்ப்புச் சொல்கிறவன் தலைக்குள் உட்கார்ந்திருக்கிறான். அவன் எதையும் தனியாகப் பார்க்க மாட்டான். பக்கத்தில் மேகம் இருந்தால் 'இது வெளுப்பு' என்பான், மல்லிகை இருந்தால் 'இது மங்கல்' என்பான். நாம் எதை எதிர்பார்க்கிறோமோ, அதையும் கலந்து கொடுத்துவிடுவான். தளவாய்க்குக் கொடுத்தானே!"

ராஜா மருதையனைக் கட்டித் தழுவி, தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் போட்டார். மந்திரிக்குத் தம் தோளில் கிடந்த பட்டுச் சால்வையைப் போர்த்தினார். சேதி கேட்டு ஓடிவந்த சின்ன ராணி இரண்டு ஓட்டையிலும் மாறி மாறி எட்டிப் பார்த்தார். "குற்றம் மல்லிகையுடையதா! பாவம், என் பூவை யாரும் ஒன்றும் சொல்லாதீர்கள்" என்று கலகலவென்று சிரித்தார். பெரிய ராணிக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

துணியை எடுத்தார்கள். ராஜா திடுக்கிட்டார். "மந்திரியாரே, மறுபடி மங்கலாகத் தெரிகிறதே! உண்மை தெரிந்த பிறகுமா?"

"தெரிந்த பிறகும் அப்படித்தான் தெரியும் மகாராஜா. எனக்கும் அப்படித்தான்."

ராஜா தளவாயின் பக்கம் திரும்பினார். "ராயரே, இந்தப் படத்தைக் கோட்டை வாசலில் மாட்டப் போகிறேன். பக்கத்தில் நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்வது உம்முடைய வேலை."

அன்றிலிருந்து கொண்டல்ராயர் வாசலில் நின்று, "இரண்டும் ஒரே நிறம்தான் ஐயா, ஒரே நிறம்தான்" என்று தொண்டை வறளக் கூவினார். ஒவ்வொரு தடவை கூவும்போதும் படத்தைத் திரும்பிப் பார்ப்பார். அவர் கண்ணுக்கு அது ஒருநாளும் ஒரே நிறமாகத் தெரியவில்லை.