எல்லாரும் லாஃபியா

ஆப்பிரிக்காவுக்குப் போகிறேன் என்று பூங்கோதை சொன்னபோது சொந்தக்காரர்கள் கேட்டது ஒன்றுதான்: அங்கே போய் என்ன வேலை? அரசாங்கம் செய்கிற நல்லது உண்மையிலேயே நல்லதுதானா என்று ஊர் ஊராகப் போய்க் கேட்டுப் பார்க்கிற ஆய்வு, அதில் பயிற்சி வேலை என்றாள். அதை இங்கேயே பார்க்கலாமேம்மா, கொட்டிக் கிடக்கிறதே என்றார் பெரியப்பா. நியாயமான பேச்சுதான். ஆனால் பூங்கோதை தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம். அருப்புக்கோட்டையில் கிளம்பியவள் நைஜீரியாவின் வடக்கே போய்த்தான் இறங்கினாள்.

அங்கே அவளுக்கு வாய்த்தவர் ஹவ்வா, ஆய்வு நிலையத்தின் தலைவி. அந்தப் பக்கத்து ஹௌசா மொழியில் ஆசிரியையை மலாமா என்பார்கள். வாசல் காவலரிலிருந்து அதிகாரிகள் வரை எல்லாருக்கும் அவர் மலாமாதான். குரலை உயர்த்தவே மாட்டார். உயர்த்தாமலே எதிரில் இருப்பவரை உட்கார வைத்துவிடுவார்.

அப்போது நடந்துகொண்டிருந்தது நர்ஸ் வண்டி ஆய்வு. மருந்துப் பெட்டியோடு கிராமங்களுக்குப் போகிற வண்டி அது. சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பாதி ஊர்களுக்கு மட்டும் வண்டியை அனுப்பினார்கள். போன ஊரில் நோய் குறைந்திருக்கிறதா, போகாத ஊரில் எப்படி என்று வீடு வீடாகக் கேட்க வேண்டும். குறைந்திருந்தால் இனி எல்லா ஊருக்கும் வண்டி உண்டு. இல்லையென்றால் இருக்கிற வண்டியையும் நிறுத்திவிடுவார்கள்.

பூங்கோதைக்கு மொழி சீக்கிரம் வந்துவிட்டது. அதுதான் வினை. கேள்வித்தாளில் மலாமா எழுதிக் கொடுத்த கேள்வி நீளமாக இருந்தது. யாருக்குக் காய்ச்சல், யார் வேலைக்குப் போகவில்லை, எந்தக் குழந்தை சாப்பிட மறுத்தது என்று வளைந்து வளைந்து போனது. அது போதாதென்று, வாசலில் நுழைந்ததும் வீட்டுக்கு வீடு நலம் விசாரிப்பு வேறு; அந்தப் பக்கத்து மரியாதை அது. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்று யாராவது அவளுக்குச் சொல்லியிருக்கலாம்.

ஊர்களையெல்லாம் முடித்துவிட்டு வந்து, ஒரு வாரத்தில் அறிக்கையை எழுதி மலாமாவின் மேசையில் வைத்தாள். மறுநாள் காலை சுகாதாரத் துறைக் கூட்டம். அவளே எழுந்து நின்று வாசிப்பதாக ஏற்பாடு.

"நர்ஸ் வண்டியால ஒரு பிரயோஜனமும் இல்ல, மலாமா. போன ஊரும் ஒண்ணுதான், போகாத ஊரும் ஒண்ணுதான். யாருக்கும் நோய் இல்ல."

"என்ன கேட்டே?"

"எல்லாரும் லாஃபியாவான்னு கேட்டேன்."

லாஃபியா என்றால் அவர்கள் மொழியில் நலம்.

"எப்பக் கேட்டே?"

"வாசல்ல நுழைஞ்சதுமே. நேரம் மிச்சம்."

மலாமா அறிக்கையைத் திறக்கவில்லை. ஜனங்களே தங்கள் வாயால் சொன்னது எப்படித் தப்பாகும் என்று பூங்கோதை கேட்டாள். கேட்டதில் கொஞ்சம் மிடுக்கும் இருந்தது. மலாமா வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். அவளும் பின்னால் போனாள்.

நர்ஸ் வண்டி போகாத ஓர் ஊர். ரபி என்ற பெண் முற்றத்தில் கம்பு குத்திக்கொண்டிருந்தாள். முதுகில் துணியால் கட்டிய குழந்தை. மலாமா குனிந்து விசாரிக்க ஆரம்பித்தார். வீடு எப்படி? லாஃபியா. பிள்ளைகள்? லாஃபியா. வேலைக் களைப்பு? களைப்பே இல்லை என்றாள் ரபி, நெற்றி வியர்வையை வழித்துவிட்டபடி. பூங்கோதை மலாமாவைப் பார்த்தாள். பார்த்தீர்களா, நான் சொன்னேனே என்கிற பார்வை.

மலாமா கிளம்பவில்லை. பாயில் உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரைக் குடித்தார். இந்த வருஷத்துக் கம்பு விளைச்சலைப் பற்றிப் பேசினார். அப்புறம் சாதாரணமாகக் கேட்டார்.

"நேத்து ராத்திரி இந்த வீட்டுல யார் தூங்கல?"

ரபியின் உலக்கை நின்றது. நான்தான் தூங்கவில்லை என்றாள். பிள்ளைக்கு உடம்பு கொதிக்கிறது, பால் குடித்தால் தங்கவில்லை. பக்கத்து வீட்டிலும் இதே கதை. ஆஸ்பத்திரி ஆற்றுக்கு அந்தப் பக்கம், கூட்டிப்போக வண்டி இல்லை. பேசப் பேச அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பூங்கோதை குழந்தையின் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள். இந்த வீட்டுக்கு அவள் ஏற்கெனவே வந்திருக்கிறாள். இதே முற்றத்தில் நின்று 'நோய் இல்லை' என்று குறித்துக்கொண்டு போயிருக்கிறாள்.

தாயையும் பிள்ளையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் பார்த்து ஊசி போட்டார். நல்லவேளை கொண்டுவந்தீர்கள், பிழைத்துக்கொள்ளும் என்றார். அதைக் கேட்ட பிறகுதான் பூங்கோதைக்கு மூச்சே வந்தது. மூச்சு வந்ததும் கோபமும் வந்தது. நம்ம ஆள்தான், கேட்கவா வேண்டும்.

"ஏன் மலாமா பொய் சொல்லணும்? நான்தான் நேருக்கு நேரா கேட்டேனே!"

மலாமா பதில் சொல்வதற்குள் பூங்கோதையின் போன் அடித்தது. ஊரிலிருந்து அம்மா.

இதைச் சொல்லியாக வேண்டும். அந்த வாரம் முழுக்கப் பூங்கோதை மலேரியாவில் கிடந்தவள். படுத்துக்கொண்டேதான் அறிக்கையை எழுதினாள். வாயெல்லாம் மாத்திரைக் கசப்பு. நின்றால் இன்னமும் முழங்கால் நடுங்கும். மலாமாதான் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊற்றிக் கொடுத்தார்.

ஆஸ்பத்திரிச் சுவரில் சாய்ந்துகொண்டு அம்மாவிடம் பேசினாள். குரல் அவ்வளவு உற்சாகமாக இருந்தது. ஒரு தடவை சிரிக்கக்கூடச் செய்தாள். பேசி முடித்துப் போனைப் பைக்குள் வைத்தாள்.

"அம்மா என்ன கேட்டாங்க?" என்றார் மலாமா.

"உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

 

"நல்லா இருக்கேன்னு சொன்னேன்."

"பெத்தவளை நிம்மதியாத் தூங்க வைக்கிற பதில் அது," என்றார் மலாமா. "அதையா நாளைக்கு அதிகாரிங்க கையில கொடுக்கப் போறே?"