பின்பாரம்

காங்கயம் போற வழியில ஒரு மடம். மடம்னதும் பெருசா நெனச்சுக்காதீங்க. ரெண்டு ஓட்டு வீடு, ஒரு மாட்டுக் கொட்டாய், ஓரமா ஒரு குட்டை, அவ்ளோதான். அதுக்குக் குரு வேலாத்தா. முப்பத்தஞ்சு வயசு இருந்தா அதிகம். சீடரு நாச்சிமுத்துக்கோ அறுபது தாண்டியாச்சு. ரோடு காண்ட்ராக்ட் எடுத்துக்கிட்டு இருந்த மனுசன், எல்லாத்தையும் மகன் கையில குடுத்துட்டு இங்க வந்து சேந்தாரு. அவரு இவங்களை "அம்மா"ம்பாரு, இவங்க அவரை "அண்ணா"ம்பாங்க. புதுசா வர்றவங்க முழிப்பாங்க.

மடத்துக்கு ஒரு குட்டி டிராக்டர் உண்டு. ஒரு அரிசி மில்லுக்காரரு குடுத்தது. அவரு மருமகன் பாயசத்துல முந்திரி இல்லைன்னு பந்தியில இருந்து எந்திரிச்சுப் போனவன். திரும்பி வந்தா டிராக்டர் குடுக்கறேன்னு வேண்டிக்கிட்டாராம். வந்துட்டான். அவன் கெடக்கட்டும். டிராக்டருக்கு முன்னாடி ரெண்டு இரும்புக் கை இருக்கும். வேலைக்குத் தக்க அதுல எதையாச்சும் மாட்டிக்கலாம். கூடவே வந்தது வைக்கோல் கட்டு தூக்கற முள்ளு, நீட்டமா ரெண்டு பல்லு. நாச்சிமுத்துக்கு அது பத்தலை. மண்ணள்ள ஒரு பக்கெட்டு வாங்கியாந்தாரு. இருக்கறதுலயே பெருசு.

சமையக்கட்டுல இருந்து சமையல்காரி பொன்னாத்தா எட்டிப் பாத்தா. "டிராக்டருக்கு வாங்குனீங்களா, இல்ல டிராக்டரைப் போட்டு மூடறதுக்கு வாங்குனீங்களா?"

நாச்சிமுத்து காதுல வாங்கலை. அன்னைக்கு மாடு மேய்க்கற மொறை அவருதுதான். செவலைப் பசு நெறமாசச் சினை, கண்ணை எடுக்கக் கூடாதுன்னு வேலாத்தா சொல்லித்தான் விட்டிருந்தாங்க. பக்கெட்டை மாட்டிப் பாக்கற ஆசையில அவரு கொட்டாய்க்குள்ள போயிட்டாரு. வெளிய வந்து பாத்தா, செவலை குட்டைச் சேத்துல வயிறு வரைக்கும் எறங்கி நிக்குது. கத்தக்கூடத் தெம்பில்லை. மேக்கால வானம் கருகருன்னு வருது. மழை எறங்குனா பக்கத்துக் கரட்டு மேட்டுத் தண்ணி அத்தனையும் அந்தக் குட்டைக்குத்தான்.

டிராக்டரை எடுத்துக்கிட்டு ஓடுனாரு. பக்கெட்டை மாட்டு வயித்துக்குப் பக்கத்துல சேத்துல குத்தி, கைப்பிடியை இழுத்தாரு. என்ஜின் மொனகுச்சு. சீட்டு சாயுது. திரும்பிப் பாத்தா பின்சக்கரம் ரெண்டும் அந்தரத்துல.

"ஏறுங்க! எல்லாரும் பின்னாடி ஏறி நில்லுங்க! பாரம் பத்தலை!"

சத்தம் கேட்டு ஓடியாந்த பொன்னாத்தா ஒரு காலைத் தூக்கி வெச்சுட்டா.

"எறங்கு பொன்னாத்தா." வேலாத்தா குரல். சத்தமே போடலை. ஆனா அவ எறங்கிட்டா. நாச்சிமுத்தும் பக்கெட்டைக் கீழ விட்டுட்டாரு.

"அம்மா, மழை வந்துருமுங்க. எதை மாட்டறதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, மாட்டிடறேன்."

"இப்ப எதைத் தூக்குனீங்கண்ணா?"

"மாட்டைத்தானுங்க."

"மாடு அசையவே இல்லீங்களே."

அவரு பாத்தாரு. பக்கெட்டு நெறையச் சேறு. தூக்குனது அதையும், அந்த இரும்பையும்தான்.

"கழட்டுங்க."

கழட்டுனாரு. சேத்துல ஆணி வழுக்குது. வேலாத்தா வைக்கோல் முள்ளைக் காட்டுனதும் பதறிட்டாரு. "சினை மாடுங்கம்மா, குத்திருமே!"

"குத்தறதுக்கு இல்லீங்க. பெல்ட்டைத் தொங்கவிட."

முள்ளை மாட்டி, வயித்துக்கு முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு, கொட்டாயில கெடந்த அகலமான பெல்ட்டை அடியில விட்டு முள்ளுல கோத்தாங்க. பொன்னாத்தா கொடம் கொடமாத் தண்ணி ஊத்தி, கால் சேத்தை எளக்குனா. நாச்சிமுத்து சீட்டுல ஏறப் போனாரு. வேலாத்தா குறுக்க நின்னாங்க.

"பின்பாரம் எங்கண்ணா?"

அந்த வார்த்தையைக் கேட்டதும் அவருக்கு மூஞ்சி செத்துப் போச்சு. அவங்கப்பன் மாட்டு வண்டி ஓட்டுனவரு. முன்பாரம் பின்பாரம் பாக்காம ஒரு தடவை பருத்தி ஏத்தி, வண்டி பின்னால சாஞ்சு, நொகத்தோட ரெண்டு மாடும் கழுத்து இறுகித் தொங்குனதை இவரு பாத்திருக்காரு.

"ஆளை ஏத்த வேண்டாம்னுட்டீங்க. வேற என்ன இருக்குதுங்க இங்க?"

வேலாத்தா சேத்துல கெடந்த பக்கெட்டு மேல கையை வெச்சாங்க.

"அதுங்களா? அம்மா, அது... புதுசுங்க."

இடி இடிச்சுது. செவலை தலை சேத்துல சாஞ்சுது.

நாச்சிமுத்து ஓடுனாரு. பெல்ட்டை அவுத்துவிட்டு டிராக்டரைத் திருப்பி, கலப்பை மாட்டற எடத்துல பக்கெட்டைச் சங்கிலி போட்டு இறுக்குனாரு. கரைக்கல்லைத் தூக்கித் தூக்கி அதுக்குள்ள போட்டாரு. பெயிண்டு பேந்துச்சு. பாக்கவே இல்லை. மறுபடி முள்ளை மாட்டுக்கு நேரா கொண்டாந்து, பெல்ட்டைக் கோத்து, ஏறி உக்காந்தாரு. மூச்சைப் புடிச்சுக்கிட்டு கைப்பிடியை இழுத்தாரு.

பின்சக்கரம் மண்ணைக் கவ்விக்கிட்டு நின்னுச்சு. சேறு 'ப்ளக்'குன்னு விட்டுச்சு. தொங்கற மாட்டோட அங்குலம் அங்குலமாப் பின்னால வந்து, கரையில எறக்குனாரு. செவலை முட்டி போட்டுது, விழுந்துது, மறுபடி எந்திரிச்சுது. வயித்துல கன்னு ஒதைக்கறது வெளியவே தெரிஞ்சுது.

மழை புடிச்சுக்கிச்சு. யாரும் ஒதுங்கலை. நாச்சிமுத்து பக்கெட்டைப் பாத்தாரு. நெளிஞ்சு, கீறி, கல்லு நெறஞ்சு கெடக்குது.

"அம்மா, இதைக் கடைக்காரன்கிட்டயே திருப்பிக் குடுத்துரட்டுங்களா?"

செவலை முதுகைத் தொடைச்சுக்கிட்டே வேலாத்தா சொன்னாங்க. "எதுக்குங்கண்ணா? இப்பத்தான அதுக்கு எடம் தெரிஞ்சுது."